பச்சையம்மாள் போட்ட கூடை

கடற்கரைச் சாலையை ஒட்டியிருக்கும் சவுக்குத் தோப்பில் மார்கழி பிறந்ததும் கைவினைச் சந்தை கூடும். அந்தச் சந்தையின் முதல் நாள் காலையில், முதல் கூடையை விற்ற கையோடு, என் அக்கா பச்சையம்மாள் ஒரு விரற்கடை அளவு மண்ணுக்குள் இறங்கினாள். அதை யாரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை, ஏனென்றால் அது மணல் தரை, நின்ற இடத்திலேயே நின்றால் யாருக்குமே கால் சற்றுப் புதையும், தவிர அக்காவின் முகத்தில் அப்போது இருந்த சந்தோஷத்தைப் பார்த்த எவருக்கும் அவள் காலைப் பார்க்கத் தோன்றியிருக்காது. கூலிங்கிளாஸ் போட்ட ஒரு பெண்மணி பச்சையும் வெள்ளையும் கலந்த ஒயர் கூடையை வெயிலில் தூக்கிப் பிடித்து, "இதை யாரு போட்டது?" என்று கேட்டார். அக்கா தன் நெஞ்சில் கை வைத்து, "நான்தாம்மா" என்றாள். எங்கள் தெருவில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்டதில்லை. அங்கே எல்லா வீட்டிலும் கூடை போடுவார்கள், மொத்த வியாபாரியின் வேன் வந்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அள்ளிக்கொண்டு போகும், எந்தக் கூடை யாருடையது என்பது வேன் கதவு சாத்தியதும் மறைந்துவிடும்.

எங்கள் ஊர் திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கிறது. நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்து முடித்தவள், எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள், வேலைக்கு இன்னும் அலைந்துகொண்டிருப்பவள். அக்கா போட்ட கூடைகளைப் படம் எடுத்து இணையத்தில் போட்டதும் நான், அதைப் பார்த்துவிட்டுச் சந்தையை நடத்தும் சாருலதா மேடம் கூப்பிட்டபோது பேசியதும் நான், வருகிறவர்களிடம் ஆங்கிலம் பேசவும், காசு வந்தால் சத்தமாகச் சொல்லும் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளவும் அக்காவோடு வந்து நின்றதும் நான். எனக்கு ஆங்கிலம் எழுத வரும், பேசுவதற்குள் வியர்த்துவிடும். சுற்றிலும் களிமண் விளக்கு, தேங்காய் ஓட்டுக் கரண்டி, மூலிகை சோப்பு என்று இருக்க, எங்கள் கடையில் வந்து "இது என்ன நார்?" என்று கேட்பவர்களிடம் "பிளாஸ்டிக்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டு, கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்களோ என்று அவர்கள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருவரும் வைத்துவிட்டுப் போகவில்லை. கூடையின் அடியைத் திருப்பிப் பார்த்தார்கள், முடிச்சுகளை விரலால் தடவினார்கள், வாங்கிப் போனார்கள்.

மத்தியானம் சோறு சாப்பிட உட்காரலாம் என்றபோதுதான் அக்காவின் கணுக்கால் இரண்டும் மணலுக்குள் இருப்பதைப் பார்த்தேன்.

"அக்கா, காலை எடு."

"வர்ல பாப்பா."

"வர்லன்னா?"

"வர்லன்னா வர்ல. நட்டு வச்ச மாதிரி இருக்குது. வலி கிலி ஒண்ணும் இல்ல. அந்த நீலக் கூடைய எடுடி, அந்தம்மா எந்நேரமா கேட்டுக்கினு நிக்கறாங்க."

நீலக் கூடையை எடுத்துக் கொடுத்தேன். பெட்டி, "பணம் பெறப்பட்டது" என்றது. அக்கா என் கண் முன்னால் ஒரு விரற்கடை இறங்கினாள், லிஃப்டில் நிற்பவர்கள் இறங்குவதைப் போல, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல்.

பக்கத்துக் கடை இனாயத் பாய் வாணியம்பாடிக்காரர், கையால் தைத்த தோல் செருப்பு விற்பவர். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "என் கடையில செருப்பு வாங்காம தப்பிக்க இப்படி ஒரு வழியா, தங்கச்சி?" என்றார். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு அவர்தான் முதலில் குனிந்து மண்ணைத் தோண்டினார். தோண்டத் தோண்ட மணல் சரிந்து அதே இடத்துக்கு வந்தது. சாயங்காலம் விளக்குக் கடைக்காரரும் பந்தல் போடுகிறவர்களும் கயிறு கொண்டுவந்து அக்காவின் அக்குளில் கட்டி இழுத்தார்கள், சவுக்கு மரத்தைப் பிடுங்குவதைப் போல இழுத்தார்கள், அக்கா "விடுங்கப்பா, தோள்பட்ட போவுது" என்று கத்தியதும் விட்டார்கள். சாருலதா மேடம் வாக்கிடாக்கியோடு ஓடிவந்து, "இது சேஃப்டி இஷ்யூ ஆயிடும், யாரும் வீடியோ போடாதீங்க" என்று கெஞ்சினார். அதற்குள் போட்டிருந்தார்கள்.

இரண்டு மூன்று நாளில் கணக்கு எனக்குப் பிடிபட்டது. எங்கள் தெருப் பெண்கள் போட்ட கூடைகளையும் ஒரு மூட்டை கொண்டுவந்திருந்தோம், அவை விற்றால் அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா போட்ட கூடை ஒன்று போனால் அக்கா ஒரு விரற்கடை இறங்கினாள். பெரிய கூடை என்றாலும் அவ்வளவுதான், குழந்தைகள் தூக்கும் குட்டிக் கூடை என்றாலும் அவ்வளவுதான்.

சந்தை அதை வெகு சீக்கிரம் பழகிக்கொண்டது. முழங்கால் வரை இறங்கியபோது உயரமான மேசையை எடுத்துவிட்டுக் குட்டை மேசை போட்டார்கள். தொடை வரை இறங்கியபோது வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து பார்க்கப் பாய் விரித்தார்கள். குழந்தைகளுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது, அந்தச் சந்தையிலேயே அவர்கள் உயரத்துக்கு இருந்த பெரிய மனுஷி அவள் ஒருத்திதான். வெயில் படாமல் பெரிய குடை நட்டார்கள், கடை வாடகை வேண்டாம் என்று மேடம் சொன்னார், சோப்புக் கடைப் பெண் தினமும் தன் டப்பாவிலிருந்து அக்காவுக்குத் தயிர்சாதம் பங்கு வைத்தாள். கழிப்பறைக்கு என்ன செய்கிறாள் என்று பெண்கள் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். முதல் இரண்டு நாள் சுற்றிப் போர்வை பிடித்தோம், பிறகு அவளுக்கு அந்தத் தேவையே வரவில்லை, பசியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பேருந்து நடத்துநர்கள் தோப்பு நிறுத்தத்துக்குக் "கூடைக்காரம்மா எல்லாம் இறங்கு" என்று குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். யாரோ ஒரு கிழவர் குங்குமம் கொண்டுவந்து அவள் நெற்றியில் வைக்கப் போனபோது அக்கா அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் இன்னா செத்தா பூட்டேன்? பொட்டு வெக்காத பெரியவரே, கூட வாங்கு."

அவர் வாங்கினார்.

ஊரிலிருந்து அம்மா வந்தாள். மண்ணில் விழுந்து புரண்டு அழுதாள், அக்காவின் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டாள், இரண்டு நாள் அவள் தோளில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள், பிறகு மாட்டைப் பார்க்க ஆளில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

நான் என்னால் ஆனதைச் செய்தேன். அக்கா போட்ட கூடைகளை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தெருப் பெண்களின் கூடைகளை முன்னால் அடுக்கினேன். வந்தவர்கள் அவற்றைப் பார்த்துவிட்டு, "இது அவங்க போட்டதா?" என்று கேட்டார்கள். பொய் சொல்லலாம் என்று வாயைத் திறப்பேன், அதற்குள் அக்கா திரும்பிப் பார்த்து, "அது எதிர்வூட்டு தனம் போட்டதும்மா, என்து கீழ கெடக்குது" என்பாள். அவர்கள் குனிந்து மேசைக்கு அடியில் கைவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அக்காவின் கைகள் வெளியேதான் இருந்தன, முன்னைவிட வேகமாகப் போட்டன, அவள் போடுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் பாயில் உட்கார்ந்திருந்தது, பார்த்தவர்கள் சும்மா எழுந்து போகக் கூச்சப்பட்டு ஒன்றை வாங்கினார்கள்.

ஒரு நாள் காலையில், வரிசையில் எந்தக் கடைக்கும் இன்னும் போணி ஆகாத நேரத்தில், புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடி வந்து மஞ்சள் கூடையைக் கேட்டார்கள். நான், "இது விக்கறதுக்கு இல்லைங்க" என்றேன். அவர்கள் போய்விட்டார்கள்.

"பாப்பா! போணிய திருப்பி அனுப்பறியா நீ?"

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு பயத்தை இடுப்பு வரை மண் ஏறியபோதுகூட நான் பார்க்கவில்லை. அன்று எங்கள் வரிசையில் ஒரு கடையிலும் வியாபாரம் இல்லை. விளக்குக் கடைக்காரர் விளக்கைத் துடைத்துத் துடைத்து வைத்தார், சோப்புக் கடைப் பெண் எங்கள் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டாள். சாயங்காலம் வரிசைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து வந்து, துக்கம் கேட்க வந்தவர்களைப் போல அடக்கமாக நின்றார்கள். இனாயத் பாய்தான் பேசினார்.

"உன் கஷ்டம் எங்களுக்குப் புரியுது பாப்பா. கூடப் பொறந்தவ. ஆனா முதல் கிராக்கிய வெறுங்கையோட அனுப்பக்கூடாதும்மா. அது நம்ம கையில இல்ல. இந்த வரிசையே படுத்துடும்."

"அப்ப அவ உள்ள போறது பரவாயில்லையா பாய்?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு செய்யறேன். தினமும் உங்க போணிய நானே பண்ணிடறேன். யாரோ ஒருத்தர் வந்து கேட்டு நீ இல்லைன்னு சொல்ற பேச்சே வேணாம்."

எல்லோரும் அது நல்ல யோசனை என்றார்கள். எனக்கும் அந்த நிமிஷம் அப்படித்தான் தோன்றியது, ஒரு பிரச்சினைக்கு முடிவு வந்த மாதிரி மனசு லேசானது. மறுநாள் குளித்துத் தொழுகை முடித்து வந்த பாய், முதல் வேலையாக அக்கா போட்ட கூடை ஒன்றை வாங்கினார். அக்கா ஒரு விரற்கடை இறங்கினாள். பாய் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று வரிசை முழுவதும் நல்ல வியாபாரம். அதற்கு மறுநாளும் வாங்கினார்.

சந்தை பாதி முடிந்திருந்தபோது ஒரு பெண்மணி தான் வாங்கிப் போன கூடையைக் கொண்டுவந்து, கைப்பிடி குட்டையாக இருக்கிறது, வேறு கொடுங்கள் என்றார். நான் அதை வாங்கிக் கீழே வைத்தேன். மணல் பெருமூச்சு விட்டதைப் போல ஒரு சத்தம் கேட்டது. அக்காவின் புடவையில் ஈரமான பட்டை ஒன்று மண்ணுக்கு மேலே வந்திருந்தது. நான் அந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது, அது இத்தனை நாளும் பூமிக்குள் இருந்த துணி. நான் நிமிர்வதற்குள் அந்தப் பெண்மணி இன்னொரு கூடையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார், ஈரப் பட்டை மறுபடி உள்ளே போயிருந்தது.

அன்று சாயங்காலம் மேடத்திடம் மைக்கைக் கேட்டு வாங்கினேன். மைக்கில் பேசியதே இல்லை, கல்லூரியில் செமினார் வகுப்புக்குக்கூட வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தவள் நான். தமிழில் ஒரு முறையும் ஆங்கிலத்தில் ஒரு முறையும் சொன்னேன். என் அக்கா போட்ட கூடையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு கூடை வந்தாலும் அவள் கொஞ்சம் மேலே வருவாள், உங்கள் காசை அப்படியே திருப்பித் தருகிறோம், யாரையும் குறை சொல்லவில்லை, தயவுசெய்து கொண்டுவாருங்கள். கூட்டம் அப்படியே நின்று கேட்டது. முடித்ததும் கைதட்டினார்கள். ஒரு பெண் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். சாலையிலிருந்து தோப்புக்குள் வரும் மண்பாதை முழுக்க அக்கா போட்ட கூடைகள் வந்தன, பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக, ஒவ்வொரு கையிலும் ஒன்று. அக்கா மார்பு வரை இறங்கியிருந்தாள், அவளுக்குக் கூட்டம் தெரியவில்லை, கால்கள்தான் தெரிந்தன. "எவ்ளோ பேருடி வர்றாங்க?" என்றாள். "எல்லாரும் வர்றாங்கக்கா" என்றேன்.

அவர்கள் கூடையைக் காட்ட வந்திருந்தார்கள். ஒருவர் அதில் பையனுக்கு ஸ்கூலுக்குச் சாப்பாடு கட்டி அனுப்புவதைச் சொன்னார். ஒருவர் கோயிலுக்குப் பூ கொண்டுபோவதைச் சொன்னார். "இது வந்ததுலேர்ந்து எங்க வீட்டுல சண்டையே இல்லம்மா, இதை எப்படிக் குடுக்க முடியும், நீயே சொல்லு" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், அவள் சொன்னது உண்மை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. எல்லோரும் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அவளிடம் நலம் விசாரித்தார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஒன்றும் செய்யாமல் போக மனசு வராமல், ஏதோ எங்களால் ஆன உதவி என்று ஆளுக்கொரு கூடை வாங்கிக்கொண்டார்கள், அக்கா போட்டது தீர்ந்ததும் தெருப் பெண்களின் கூடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். பெட்டி அன்று வாய் ஓயவில்லை. மாலைக்குள் மணல் அவள் அக்குளுக்கு வந்துவிட்டது, அவள் இரண்டு கைகளையும் தூக்கி மண்மேல் வைத்துக்கொண்டாள்.

கடைசியாக வந்த ஒரு வாத்தியார் மட்டும் தன் கூடையைத் திருப்பித் தர நீட்டினார். நான் கையை நீட்டினேன். அக்கா முந்திக்கொண்டு அதைத் தள்ளினாள்.

"வித்த பொருள நான் திருப்பி வாங்க மாட்டேன் சார். அதுல ஏதாவது பழுது இருக்குதா? அடி விட்டுப்போச்சா? இல்ல இல்ல? எடுத்துக்கினு போங்க."

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கூடையோடு போனார்.

"உனக்குப் பைத்தியமாக்கா?" என்று நான் கத்தினேன். "உனக்காகத்தானே நாய் மாதிரி கெஞ்சினேன்!"

"கெஞ்சச் சொன்னேனா?" அவள் விரல்கள் நிற்கவில்லை, பேசிக்கொண்டே முடிச்சு போட்டன. "கட்டிக்கினு போன எடத்துல ரெண்டு வருசம் ஆக்கிப் போட்டேன், யாரு ஆக்குனதுன்னு ஒருத்தன் கேக்கல. இங்க வந்து நிக்கறவங்க எல்லாம் கேக்கறாங்கடி. அத்தக் கொண்டாந்து திருப்பிக் குடுன்னு மைக்கு போட்டு ஊருக்கே சொல்ற நீ."

"நீ உள்ள போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் முடிச்சை இழுத்து இறுக்கினாள். பிறகு, "கைய கட்டிக்கினு இருந்தா எனக்கு கீழ இருக்கற குளிரு தெரியுது பாப்பா. கூட போட்டா தெரியல" என்றாள்.

பொங்கலோடு சந்தை முடிந்தது. பந்தல்களைப் பிரித்தார்கள், விளக்குக் கடைக்காரர் போனார், சோப்புக் கடைப் பெண் போனாள், இனாயத் பாய் அக்காவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சுக்க தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் கடை மட்டும் இருந்தது. மேடம் தகரக் கொட்டகை போட்டுத் தந்தார், வரிசையில் நிற்கக் கம்பும் கயிறும் கட்டினார், திண்டிவனத்திலிருந்து வாரம் தவறாமல் ஒயர் ரோல் வர ஏற்பாடு செய்தார், எல்லாவற்றையும் உண்மையான அக்கறையோடு செய்தார். கூட்டம் குறையவில்லை. அக்காவின் தோள் போனது, கழுத்து போனது. கைகளை மடக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டு போட்டாள். எனக்கு ஒரு வேலைக்கு நேர்முகத் தேர்வு வந்தது, அவளிடம் சொல்லவில்லை, போகவும் இல்லை.

ஒரு மத்தியானம் கடல் காற்று பலமாக வீசியது.

"பாப்பா, காதுல மண்ணு போவுது. தொடைச்சு விடு."

நான் மண்டியிட்டு என் துப்பட்டாவின் நுனியைத் திரித்து அவள் காதைத் துடைத்தேன். மணல் அவள் கீழ் உதட்டுக்கு ஒட்டி நின்றது. வலது காதை முடித்துவிட்டு இடது காதுக்குப் போனேன். மயிர் எல்லாம் உப்புப் பிடித்துச் சிக்காகியிருந்தது, அதையும் ஒதுக்கிவிட்டேன். "மஞ்ச ரோலு முடியப் போவுது" என்று அவள் சொன்னாள். "சொல்றேன்க்கா" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் யாரோ ஒருவர், எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில், சத்தம் போடாமல் ஒரு கூடையை எடுத்து, காசு கட்ட அட்டையில் ஒட்டியிருந்த க்யூஆர் கட்டத்தை அவரே போனில் படம் பிடித்து, அவரே காசைப் போட்டுவிட்டார்.

"பணம் பெறப்பட்டது" என்றது பெட்டி.

நான் திரும்பவில்லை. அவள் கண்ணையே பார்த்தேன், அவளும் என்னைப் பார்த்தாள், மணல் அவள் உதட்டைத் தாண்டி மூக்கின் மேல் ஏறியது. நான் இரண்டு கையாலும் அள்ளினேன், அள்ள அள்ள வந்து நிரம்பியது. அதற்குப் பின் வந்தவர்கள் அன்றைக்கு வாங்கியதில் நெற்றி போனது, வகிடு போனது. நான் பெட்டியைக் கல்லால் அடித்து உடைத்தேன். அவர்கள் காசை மேசையில் வைத்துவிட்டு எடுத்துப் போனார்கள்.

இப்போது மணலுக்கு மேலே அவள் கைகள் இரண்டும் இருக்கின்றன, முழங்கைக்குக் கீழே கொஞ்சமும் மணிக்கட்டும் விரல்களும். சூடாக இருக்கின்றன. நகம் வளர்கிறது, நான் வெட்டி விடுகிறேன். ஒயரை வைத்தால் போடுகின்றன, முன்பு போட்ட அதே இறுக்கத்தோடு, ஒரு முடிச்சு பிசகாமல். மக்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசுகிறார்கள், கைகளுக்கு வணக்கம் சொல்கிறார்கள், ஒரு கூடை முடிய அரை நாள் ஆனாலும் பொறுமையாக நிற்கிறார்கள்.

நேற்று காலை நான் ரோல்களை எல்லாம் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் விரல்கள் என் விரல்களை இறுகப் பிடித்தன. வரிசை நீண்டுகொண்டே போனது. வெயில் ஏறியது. அவள் பிடி மெல்லத் தளர்ந்தது, கை என் கையிலிருந்து விலகி, மணலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவத் தொடங்கியது, இடது கையும் சேர்ந்துகொண்டது, இரண்டும் கண் தெரியாத குஞ்சுகளைப் போலத் தேடித் தேடி நடுங்கின. நான் மறுபடி பிடித்தேன், அவை உதறிக்கொண்டன.

"பாவம்மா, குளிருது போல இருக்கு" என்றாள் வரிசையில் முன்னால் நின்றவள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "குடுத்துடும்மா. பாக்க முடியல."

"குடுத்துடும்மா" என்று பின்னால் இருந்தவர்களும் சொன்னார்கள்.

நான் எழுந்து போய் மஞ்சள் ரோலைக் கொண்டுவந்து, கூடைக்கு வேண்டிய நீளத்துக்கு அளந்து வெட்டி, நுனியை அவள் விரலில் கொடுத்தேன். கை நடுக்கம் நின்றது. அடி போட ஆரம்பித்தாள்.